பெயர்க்காணிக்கு நாலு எல்லை

எங்கள் ஊர்க் காணிகளில் ஒரு பங்கு இன்னும் இராணுவத்தின் முள்ளுக்கம்பிக்குள் கிடக்கிறது. அதை மீட்க ஏலாதவர்கள் எல்லாரும் ஒன்றுகூடி ஊர்களின் பெயரையாவது மீட்போம் என்று புறப்பட்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் வலிவடக்கு உலகப் பெயர்க்காணி ஒன்றியம்.

பெயர்க்காணி என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. இணையத்தில் ஒரு பெயரைப் பதிந்து வைத்தால் உலகத்தில் வேறு எவனும் அதைப் பாவிக்க முடியாதாம். இளம் பிள்ளைகள் டொமைன் என்பார்கள். ஒன்றியத்தின் தலைவர் கனகசபாபதி காணிக் கந்தோரில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் காணியைத் தவிர வேறொன்றும் விளங்காதபடியால் பெயர்க்காணி என்று வைத்தார். ஊருக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, கேணிக்கு ஒன்று, சந்திக்கு ஒன்று என்று இருநூறுக்கு மேல் காசு கொடுத்து வேண்டிப் போட்டார்கள். கீரிமலைத்தீர்த்தம் டொட் கொம், புத்தூர்ச்சந்தை டொட் கொம், மயிலிட்டிக்கரை டொட் கொம், இப்படிப் போகும் அந்த வரிசை.

பதிகிற நாளில் நல்ல நேரம் பார்த்து, கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்தார்கள். இளநீர் உள்ளே போய் அன்றைக்கு ஒரு பெயரும் பதிய முடியவில்லை. அபசகுனம் என்று நான் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் பழுதாகிவிட்டது என்றுதான் சொன்னேன். அதற்கே என்னை முறைத்துப் பார்த்தார்கள்.

ஒவ்வொரு பெயரும் ஒருநாள் கோடிக்கு விலைபோகும் என்று சொல்லிக் காசு சேர்த்தார்கள். கொடுத்தவர்களுக்குக் காணிக்கு எழுதுவதுபோல உறுதி எழுதிப் பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தார்கள். ஒரு விஷயத்தை மட்டும் எவரும் எவருக்கும் சொல்லவில்லை. அது சொந்தக் காணி இல்லை, குத்தகைக் காணி. வருடா வருடம் காசு கட்டிப் புதுப்பிக்க வேண்டும். கட்டாவிட்டால் போனவன் வந்தவன் எல்லாம் எடுக்கலாம்.

நான் சேரவில்லை. கையை முன்னால் நீட்டிக்கொண்டு சொர்க்கத்தைப் பற்றிக் கதைக்கிறவனை எனக்கு ஒருக்காலும் பிடித்ததில்லை. சேர்ந்தவன் என் மகன் சுதாகரன். அங்கத்தவர்களுக்கு ஒன்றியம் இலவசமாக மின்னஞ்சல் முகவரி கொடுத்தது. அவனுக்குக் கிடைத்தது மயிலிட்டிக்கரையில்.

பிறகு, யாரென்று சொல்லாத இரண்டு பேர் அவனை விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். மறுபடியும் வந்தார்கள். அதற்கடுத்த தடவை அவர்கள் வரும்போது அவன் கடல் கடந்திருந்தான். எந்த நாடு என்று நான் எழுதப் போவதில்லை. அந்த நாட்டுக்காரர் அவனை ஒரு முகாமில் போட்டு, உன்னைத் தேடுகிறார்கள் என்பதை நிரூபி என்றார்கள். காசில்லாமல் வழக்குப் பேசுகிற சட்டத்தரணி ஒருத்தி கிடைத்தாள். வந்தது எப்படிப்பட்ட ஆட்கள், என்ன கேட்டார்கள் என்று தகப்பனாகிய நான் சத்தியக் கடதாசி முடித்து அனுப்ப வேண்டும். எப்போது, எந்த மாதிரி என்று அவள் கடிதம் போடுவாள். கடிதம் வருகிற இடம் அந்த மயிலிட்டிக்கரை முகவரி. முகவரியிலேயே ஊரின் பெயர் இருந்தால் தன்னை மயிலிட்டியான் என்று நம்புவார்கள் என்று என் பிள்ளை நினைத்திருக்கிறான். கடிதம் வந்து நாங்கள் பதில் போடாவிட்டால் அவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மருமகள் ஆரணி நாள்தோறும் தொலைபேசியில் அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பாள். ஒன்றும் இராது. மூடி வைத்துவிட்டு உலை வைக்கப் போவாள்.

இப்படி இருக்கும்போது ஒன்றியத்தின் அறிவித்தல் வந்தது. புதுப்பிக்கிற செலவு கூடிவிட்டதாம். எந்தப் பெயரைப் புதுப்பிப்பது, எதை விற்பது, எதைக் கைவிடுவது என்று தீர்மானிக்கப் புத்தூரில் பொதுக்கூட்டம்.

“உந்த முகவரியை மாத்தச் சொல்லி எழுதன் பிள்ளை” என்றேன்.

“எழுதினனான் மாமா. முந்தின சட்டத்தரணி மாறிப் போட்டாவாம். புது ஆள் ஃபைலைப் பாத்துப் போட்டு, மாத்திறது சரியோ எண்டு கேட்டு ஒரு கடிதம் போடுவாவாம்.”

“எங்கை போடுவாவாம்?”

“பழைய முகவரிக்குத்தான். வேறை முகவரியிலை இருந்து எழுதினால் எடுக்க மாட்டினமாம்.”

எந்தத் தேசத்திலும் கந்தோர் கந்தோர்தான்.

கூட்டம் ஒரு கலியாண மண்டபத்தில் நடந்தது. மங்கள விளக்கு ஏற்றினார்கள். தலைவருக்குச் செயலாளர் உதயகலா பொன்னாடை போர்த்தினார். செயலாளருக்குத் தலைவர் போர்த்தினார். பொருளாளர் அருளம்பலத்துக்கு இருவரும் சேர்ந்து போர்த்தினார்கள். முன்கதிரைகளில் பயிர் செய்கிற தோட்டக் கிராமத்து ஆட்கள். கரையோரத்தார் நாங்கள் பின்னுக்கு, சமையலறைப் பக்கம் இருந்தோம். அங்கேதான் கதிரை இருந்தது என்றார்கள்.

மேடையில் திரை கட்டியிருந்தார்கள். அதில் கனடாவிலிருந்து ஆலோசகர் றோய் வந்தார். அவருக்கு அது விடியற்புறம், போர்வையோடு இருந்தார். பெயர்களை ஒன்றியத்துக்கு வேண்டிக் கொடுத்தவர் அவர்தான்.

“பெயரோடை காதல் கொள்ளாதேங்கோ” என்று தொடங்கினார். “உதை ஆராவது வேண்ட வருவானோ? உதிலை விளம்பரம் ஓடுமோ? ரெண்டும் இல்லையெண்டால் ஏன் காசு கட்டுறியள்? விட்டுத் தள்ளுங்கோ. நான் என்ரை பெயர்களிலை அரைவாசியை எப்பவோ தள்ளிப் போட்டன். இப்ப நல்ல நித்திரை வருது.”

“தள்ளினதை ஆர் எடுத்தது?” என்று பின்னாலிருந்து சிமியோன் கத்தினான். சிமியோன் என்னோடு கடல் தொழில் செய்கிறவன், வாய் சும்மா கிடவாது.

“உங்கடை ஒன்றியம்தானே எடுத்தது” என்றார் றோய்.

ஒலி சரியாகக் கேட்காதபடியால் முன்வரிசை கை தட்டியது.

அதன்பின் தலைவர் தரப்படுத்தலை வாசித்தார். கோயில்களும் தீர்த்தங்களும் தோட்டக் கிராமங்களும் முதலாந்தரம், அவை புதுப்பிக்கப்படும். சந்திகள் இரண்டாந்தரம், விற்கப் பார்க்கலாம். கரையோரம் முழுக்க மூன்றாந்தரம், கைவிடப்படும்.

“இதிலை சாதி பேதமோ ஊர்ப் பேதமோ இல்லை” என்றார் கனகசபாபதி, நெஞ்சில் கை வைத்து. “கம்ப்யூட்டர்தான் தரம் பிரிச்சது. நாங்கள் செய்ததெல்லாம், எந்த ஊர் என்ன ஊர் எண்டு கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் குடுத்தது மட்டுந்தான்.”

நான் எழும்பினேன்.

“தலைவர், மயிலிட்டிக்கரையை விடாதேங்கோ. என்ரை பெடியன்ரை வழக்குக் கடிதம் அதுக்குத்தான் வரும். அது இல்லாமல் போனால் அவனைத் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள். உங்களுக்குச் செலவு வேண்டாம். நான் காசு கட்டுறன், எனக்கு வித்துப் போடுங்கோ.”

தலைவர் தலையாட்டிக்கொண்டு கேட்டார். காரியம் முடிந்தது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்குக் காரணம் ஒன்றியத்தை நான் சரியாக விளங்கிக்கொள்ளாததுதான்.

“இராசநாயகம், இரும்” என்றார் தலைவர். “உம்மடை கவலை எங்கடை கவலை. ஆனால் ஒரு காணியை விக்கிறதெண்டால் முதல் பங்காளிக்கும் பக்கத்துக் காணிக்காரனுக்கும் அறிவித்தல் குடுக்க வேணும். அவை வேண்டாம் எண்டால்தான் வெளியாருக்கு. அது எங்கடை தேசவழமை. ஒல்லாந்தன் எழுதிவைச்ச சட்டம், இங்கிலீசுக்காரனும் தொடேல்லை. அதை இண்டைக்கு உமக்காக நாங்கள் மீறினால் எங்கடை இனத்துக்கு என்ன மிஞ்சும்?”

“ஐயா, உதுக்கு ஆர் பக்கத்துக் காணிக்காரன்?”

“அருமையான கேள்வி” என்றார். அதற்கு ஒரு உபகுழு போட்டார்கள்.

எல்லை உபகுழு வாடகைக்கு வான் பிடித்து மயிலிட்டிக்கு வந்தது. உதயகலாவும், தலைவரோடு முன்பு வேலை செய்த நில அளவையாளர் ஒருவரும், குடை பிடிக்க ஒருவரும். கரையில் நின்று வடக்கே பார்த்து, வடக்கு எல்லை கடல் என்று எழுதினார்கள். மற்ற மூன்று பக்கமும் பார்த்தார்கள். ஒரு பக்கம் கம்பி வேலி இருந்தபடியால் அந்தப் பக்கம் பார்த்ததாக எழுதவில்லை.

சிமியோன் வலையைப் போட்டுவிட்டு வந்தான். “என்ன அண்ணை, கடலை அளக்கினமோ?”

“இல்லை, பெயரை அளக்கினம்” என்றேன்.

“எத்தினை பாகம் ஆழமாம்?”

உதயகலா கோபிக்கவில்லை. “பகிடி விடாதேங்கோ ஐயா. நாங்கள் உங்கடை நன்மைக்குத்தான் வெயிலுக்கை நிக்கிறம்” என்றார். பிறகு பாரை மீன் என்ன விலை என்று கேட்டு, நல்லதாய் இரண்டு எடுத்துக்கொண்டு போனார்கள்.

வான் போய்ச் சேர்ந்தபின் லண்டன் கிளையிலிருந்து யாரோ ஆட்சேபித்தார்களாம். இணையத்தில் திசை கிடையாது, எழுத்து வரிசைதான் அயல் என்று. சரி என்று அதன்படி பார்த்தார்கள். இங்கிலீசு எழுத்தில் எங்கள் மயிலிட்டிக்கு முன்னால் நிற்பது எங்கோ ஒரு தேசத்து நூல்நிலையம், பின்னால் நிற்பது உதட்டுச் சாயம் விற்கிற ஒரு பொம்பிளை. ஆகவே மேற்கு எல்லை நூல்நிலையம், கிழக்கு எல்லை உதட்டுச் சாயம் என்று உறுதியில் திருத்தினார்கள். இருவருக்கும் முத்திரை ஒட்டிய கடதாசியில் தமிழில் அறிவித்தல் போயிற்று.

“தமிழிலை எழுதினால் அவைக்கு எப்பிடி விளங்கும்?” என்று கேட்டேன்.

“விளங்காட்டி அது அவையின்ரை குறை. மொழியை விட்டுக் குடுக்கேலாது” என்றார் தலைவர்.

நூல்நிலையம் பதில் போட்டது. நீங்கள் கேட்ட புத்தகம் எங்களிடம் இல்லை என்றிருந்தது. அது மறுப்பா, சம்மதமா என்று ஒரு கூட்டம் வைத்தார்கள். உதட்டுச் சாயம் பேசவேயில்லை.

பெயர் முடிகிற திகதி நெருங்கிக்கொண்டு வந்தது. வீட்டில் என் மனைவி மீனாம்பிகை ஒரு வேலையும் ஓடாமல் அடுப்படிக் குசினிக்கும் வாசற் படலைக்கும் நடந்தாள்.

“இஞ்சாருங்கோ, விக்காட்டிப் போகட்டும். புதுப்பிக்கச் சொல்லுங்கோவன். ஒருத்தன் ஒரு பட்டனை அமத்தினால் முடியுமாமே. ஆரணி சொல்லுறாள்.”

“அந்தப் பட்டன் அருளம்பலத்தாரிட்டைத்தான் கிடக்கு.”

“அப்ப அவரின்ரை காலிலை போய் விழுங்கோ. என்ரை பிள்ளையைவிட உங்கடை முழங்கால் பெரிசோ?”

போனேன். அருளம்பலத்தார் வீட்டு வாசலில் வாழை கட்டியிருந்தது. குலை கீழே பார்த்துத் தொங்கியது, செத்தவீட்டு வாழை. அவருடைய தமையன் செத்துப்போயிருந்தார். மனுசன் வெளியே வந்து கதிரையில் இருந்து அழுதார். நானும் ஒரு கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்தேன். பின்பு விஷயத்தைச் சொன்னேன்.

“முப்பத்தொண்டு முடியாமல் நல்ல காரியம் தொடேலாது தம்பி, செத்தவீட்டுத் துடக்குக் கிடக்கு” என்றார்.

“இது நல்ல காரியம் இல்லை ஐயா. காசு கட்டுறது.”

“புதுப்பிக்கிறதெண்டால் நல்ல காரியம்தானே. கைவிடுறதெண்டால் துடக்கோடையும் செய்யலாம். அதுக்குத் தடையில்லை.”

“அப்ப அந்தப் பாஸ்வேர்டைச் சொல்லுங்கோ. என்ரை மருமகள் செய்வாள்.”

அவர் இரண்டு காதையும் பொத்தினார். “அது எங்கடை குலதெய்வத்தின்ரை திருநாமம். துடக்கு வாயாலை எப்பிடி உச்சரிக்கிறது?”

“எழுதித் தாங்கோ.”

“கையும் துடக்குத்தானே.”

“உங்கடை கோயில் எது எண்டாவது சொல்லுங்கோ. நாங்கள் ஊகிச்சுக் கொள்ளுறம்.”

“சாமியை ஊகிக்கப்படாது” என்று கண்டிப்பாகச் சொன்னார்.

முதலாந்தரப் பெயர்கள் என்னவாயிற்று என்று கேட்டேன். அவற்றுக்கு ஆபத்தில்லையாம். தமையன் இனித் தாங்கமாட்டார் என்று டொக்டர் சொன்னவுடனே, ஆஸ்பத்திரி வாங்கிலில் குந்தியிருந்தபடி எல்லாவற்றையும் அவசரமாகப் புதுப்பித்துவிட்டாராம். கடமை தவறாத மனுசன்.

திகதி வந்தது, போனது. ஆரணி பெட்டியைத் திறக்கப் பார்த்தாள், திறபடவில்லை. திரும்பத் திரும்ப அமத்தினாள். பிறகு தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

தொலைபேசியில் றோயைப் பிடித்தோம். “பயப்பிடாதேங்கோ, உடனை போகாது. செத்த பெயரைக் கொஞ்ச நாள் சவச்சாலையிலை வைச்சிருக்கிற மாதிரி வைச்சிருப்பினம். கூடக் காசு கட்டினால் எழுப்பி எடுக்கலாம். ஆனால் ஒன்றியம்தான் கேக்க வேணும்” என்றார்.

கனகசபாபதி வீட்டுக்கு ஓடினேன். அவர் யாப்புப் புத்தகத்தை எடுத்து, கண்ணாடி போட்டு, விரலால் தடவித் தடவி வாசித்தார்.

“புதுப்பித்தல் இருக்கு. விற்றல் இருக்கு. கைவிடல் இருக்கு. உயிர்ப்பித்தல் எண்டு ஒண்டும் இல்லையே, இராசநாயகம். யாப்பைத் திருத்தப் பொதுக்கூட்டம் வேணும். நான் சர்வாதிகாரி இல்லை. நான் நினைச்சால் செய்யலாம், ஆனால் நான் நினைக்கிற ஆள் இல்லை.”

அது அவருடைய வாயிலிருந்து வந்த ஒரே உண்மை. அவர் அதை அடக்கமாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டார்.

பொதுக்கூட்டம் வைக்கவில்லை. அதற்குப் பதிலாகக் கைவிட்ட பெயர்களுக்கு, செத்தவர்களுக்குச் செய்வதுபோல, அந்தியேட்டி வைத்தார்கள். அருளம்பலத்தாரின் தமையனுக்குக் கீரிமலையில் முப்பத்தோராம் நாள் கிரியை. ஐயர் எப்படியும் வருகிறார், வானும் பிடித்தாயிற்று, இரண்டையும் ஒன்றாக முடித்தால் சிக்கனம் என்று தீர்மானம். என்னையும் கூப்பிட்டார்கள். ஏதாவது வழி சொல்லுவார்கள் என்ற நப்பாசையில் போனேன்.

தமையனின் சாம்பலைக் கடலில் கரைத்தபின் உதயகலா ஒரு தட்டை நீட்டினார். கைவிட்ட பெயர்களைத் துண்டு துண்டாக எழுதி அதில் வைத்திருந்தார்கள். எங்கள் கரைகள் எல்லாம் அதற்குள் கிடந்தன.

ஐயர் குழம்பிப் போனார். “இவை ஆர்? கோத்திரம் என்ன?”

“டொட் கொம்” என்றார் தலைவர்.

ஐயர் கடலைப் பார்த்தார், பிறகு தட்சணைத் தட்டைப் பார்த்தார், பிறகு மந்திரத்தைத் தொடங்கினார்.

“இராசநாயகம், வாரும்” என்று தலைவர் கையைக் காட்டினார். “மயிலிட்டிக்கரைக்கு நீர்தான் உரித்தாளி. எள்ளும் தண்ணியும் நீர் இறைக்கிறதுதான் முறை.”

“என்ரை பிள்ளை உயிரோடை இருக்கிறான்” என்றேன். “அவன் தொங்கிக்கொண்டு நிண்ட கயிற்றை வெட்டிப் போட்டு, அதுக்கு என்னை எள்ளு இறைக்கச் சொல்லுறியளோ?”

“உணர்ச்சிவசப்படுறார்” என்று தலைவர் மற்றவர்களுக்கு விளங்கப்படுத்தினார். எனக்குப் பதிலாக நில அளவையாளர் இறைத்தார். துண்டுகள் உடனே தாழவில்லை. அலை அவற்றைத் திருப்பித் திருப்பிக் கொண்டுவந்து எங்கள் காலடியில் போட்டது. குடை பிடிக்கிறவர் குடைக் காம்பால் தள்ளித் தள்ளி விட்டார்.

கொஞ்ச நாளில் வேறு எவனோ அந்தப் பெயரை எடுத்துவிட்டான். ஆரணி தொலைபேசியில் அந்தப் பெயரைத் திறந்து காட்டினாள். அரைகுறை உடுப்போடு ஒரு பெண் சூதாட்டச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு நின்றாள்.

“இனி அவனுக்கு வாற கடிதம் இவளிட்டையோ போகும்?”

“ஆரிட்டையும் போகாது மாமா. போகேல்லை எண்டும் ஆருக்கும் தெரியவராது.”

கடிதம் போயிருக்கிறது. ஒன்று போய், நினைவூட்டல் போய், கடைசி அறிவித்தலும் போயிருக்கிறது. முகாமில் சுதாகரனை ஒருமுறை கதைக்க விட்டபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. “அப்பா, வீட்டாரே பதில் போடேல்லை, அப்ப சொன்னது பொய்தானே எண்டு எழுதி மூடிப் போட்டாங்கள்” என்றான். குரலில் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் நல்லது.

அவனை விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் மறித்து வைத்து விசாரித்துவிட்டு விட்டார்கள். பொழுது சாய்ந்தபின் வாகனத்தின் பின் ஆசனத்தில் படுத்தபடி வீட்டுக்கு வந்தான். வந்தவன் வெளியே இறங்கவில்லை. யன்னலைத் திறக்கவும் விடவில்லை. படலையில் சத்தம் கேட்டால் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போய்விடுவான். மீனாம்பிகை கடைக்குப் போனால் மூன்று பேருக்கு மட்டும் வேண்டுகிற மாதிரியே வேண்டிக்கொண்டு வருவாள். அவன் வந்தது வீட்டாருக்கும் சிமியோனுக்கும் மட்டும்தான் தெரியும்.

ஆனால் அந்த முகாமிலிருந்த எவனோ றோய்க்குச் சொல்ல, அவர் ஒன்றியத்துக்குச் சொல்லியிருக்கிறார்.

ஒருநாள் காலை வீட்டுக்கு வருகிற ஒழுங்கையில் மேளச்சத்தம் கேட்டது. அயலில் கலியாணம் ஒன்றும் இல்லையே என்று நான் படலைக்குப் போவதற்குள் அவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர், மேளம், நாதஸ்வரம், படம் பிடிக்கிறவர். மண்ணுக்கு மீண்ட மைந்தனே வருக என்று ஒரு பதாகை. ஆரணி வாசலை மறித்து நின்றாள். உதயகலா அவளைக் கட்டிப்பிடித்து வாழ்த்திக்கொண்டே ஒரு பக்கமாக விலக்கினார். பின்னறையில் இருந்த சுதாகரனைக் கையைப் பிடித்து முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். பொன்னாடை விழுந்தது. கழுத்தளவுக்கு மேல் வருகிற பெரிய மாலை விழுந்தது.

கனகசபாபதி செருமிக்கொண்டார். “புலம்பெயர்ந்த எங்கடை பிள்ளையள் இந்த மண்ணுக்குத் திரும்ப வேணும் எண்டதுதான் ஒன்றியத்தின்ரை கனவு. இண்டைக்கு முதலாவது பிள்ளை வந்து நிக்கிறார். இவர் திரும்பி வந்ததுக்கு ஒன்றியத்தின்ரை தீர்மானமும் ஒரு காரணம் எண்டதை நான் தாழ்மையோடை சொல்லிக் கொள்ளுறன்.”

பொருளாளர் கை தட்டினார். அவருக்கு இப்போது துடக்கு இல்லை.

படம் பிடிக்கிறவர் முன்னுக்கு வந்தார். நான் குறுக்கே போனேன். “படம் வேண்டாம் ஐயா. அவனைத் தேடி ஆக்கள் வந்தவை. அவன் இஞ்சை நிக்கிறது ஒருத்தருக்கும் தெரியப்படாது. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்.” உண்மையாகவே கும்பிட்டேன்.

“அதுக்குத்தான் சொல்லுறன்” என்றார் தலைவர், என் தோளில் தட்டி. “உலகம் முழுக்கத் தெரியட்டும். தெரிஞ்ச ஆளிலை எவன் கை வைப்பான்?”

சுதாகரன் குனிந்து, இரண்டு கையாலும் மாலையை மேலே தூக்கி, பூவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றான். இதழ்கள் கொட்டின.

“வெக்கப்படுறார்” என்றார் உதயகலா.

“தம்பி, மாலையை இறக்கும். முகம் தெரியேல்லை” என்றார் தலைவர். அவன் இறக்கவில்லை. பொருளாளரும் செயலாளரும் ஆளுக்கொரு பக்கம் நின்று, அன்பாக, விரல் விரலாக அவனுடைய கையை எடுத்துக் கீழே விட்டார்கள்.

அந்தப் படத்தை அன்றைக்கு மத்தியானமே இணையத்தில் போட்டுவிட்டார்கள். கீரிமலைத்தீர்த்தத்தில், புத்தூர்ச்சந்தையில், புதுப்பித்த முதலாந்தரப் பெயர் ஒவ்வொன்றிலும். ஒன்றியம் ஒரு வேலையைத் தொடங்கிய அன்றைக்கே முடித்து நான் கண்டது அது ஒன்றுதான். ஆரணி எனக்குக் காட்டினாள். படம் நல்ல தெளிவு. கீழே அவன் பெயர், என் பெயர், ஊர், ஒழுங்கை, படலை என்ன நிறம் என்பதுவரை வடிவாகப் போட்டிருந்தார்கள். அதற்கும் கீழே, நேரில் கண்டு வாழ்த்த விரும்புவோர் எந்நேரமும் வரலாம், பிள்ளை வீட்டில்தான் நிற்பார் என்று எழுதியிருந்தது.